பட்டறை எத்தனை நாள் மூடியிருக்கலாம்?

(வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக, சென்னைப் பகுதியின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனத்தினருக்கான விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலை நாளில், அதுவும் மாசக் கடைசியில், பட்டறையை விட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்கீங்க. அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

அழைப்பிதழில் 'தொழில் தொடர்ச்சித் திட்டம்' என்று போட்டிருக்காங்க. பெரிய கம்பெனிகளில் இதுக்குத் தனி அதிகாரி இருப்பார், தனி பட்ஜெட் இருக்கும். ஐஎஸ்ஓ 22301 என்று ஒரு சர்வதேசத் தரநிலையே இதுக்காக இருக்கு. 15 பேர், 40 பேர் வேலை பார்க்கிற இடத்துக்கு இதெல்லாம் எதுக்கு என்று நீங்க நினைக்கலாம். அந்தச் சான்றிதழ் உங்களுக்கு வேண்டாம். ஆனால் அதன் அடியில் இருக்கிற ஒரே ஒரு கேள்வி வேணும். உங்க தொழில் எத்தனை நாள் நின்னுபோனால், அதுக்கு மேல திரும்ப எழுந்திருக்க முடியாது?

ஏழு நாளா, இருபது நாளா, ரெண்டு மாசமா? இந்த எண் தெரிஞ்சவங்களுக்கு எதுக்குச் செலவு பண்ணணும், எதுக்குப் பண்ண வேண்டாம் என்பது தெரிஞ்சுடும். தெரியாதவங்க, மழை வந்த பிறகு எல்லாத்தையும் ஒரே நேரத்தில் காப்பாத்தப் பார்ப்பாங்க. அதில் எதுவும் மிஞ்சாது.

தண்ணி வராமலும் நிக்கும்

தொழில் நின்னுபோறதுன்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது வெள்ளம். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்றுக் கரையோரம் ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் என்ன நடந்தது என்று இங்கே பலருக்கும் தெரியும். ஆனால் அதே வெள்ளத்தில் வேறு மாதிரி ஒரு சம்பவம் உண்டு. அந்த வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி 'தி இந்து' ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு வெளிவரவில்லை. 1878-இல் தொடங்கிய பத்திரிகை. வெள்ளத்தால் ஒரு நாள் அச்சாகாமல் போனது அதுதான் முதல் தடவை. காரணம் என்ன? அச்சகம் மறைமலை நகரில் இருந்தது. வேலைக்கு வர வேண்டிய ஆட்களால் அங்கே போய்ச் சேர முடியவில்லை. ஆள் இல்லைன்னா, எழுதி முடிச்ச பத்திரிகைகூட வெளியே வராது.

2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தது. டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மழை விட்டு, தரை காய்ஞ்ச பிறகும் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னையை நம்பி இருந்த தொழில்களுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. மரமே சாய்ஞ்சுபோச்சு. மெஷின் நல்லா இருந்தாலும் அதில் போடுறதுக்குச் சரக்கு இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம். அந்தப் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவில், பாபட்லா அருகே. ஆனால் அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் தொழிற்பேட்டைக்குள் தண்ணி நின்னுச்சு. 'புயல் நம்ம பக்கம் வரலையாம்' என்று செய்தியைக் கேட்டு நிம்மதியா தூங்கினவங்களும் மறுநாள் நனைஞ்சாங்க. அதே மாசம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. இதுக்கு முன்னாடி இங்கே தண்ணி வந்ததே இல்லை என்ற பேச்சை அந்த ரெண்டு வாரத்தோட நாம விட்டிருக்கணும்.

2020 மார்ச்சை நான் விளக்க வேண்டியதில்லை. இடம் இருந்தது, கரண்ட் இருந்தது, ஆர்டர்கூட இருந்தது. கதவைத் திறக்க அனுமதி இல்லை.

ஆகவே, எந்த ஆபத்து வரும் என்று ஜோசியம் பார்த்துத் திட்டம் போடாதீங்க. எதனால் நின்றாலும், நிற்கிறது இந்த ஐந்தில் ஒண்ணுதான்: ஆள், இடம், கரண்ட், கணக்கு, சரக்கு. அந்த ஐந்தில் ஒவ்வொண்ணும் இல்லாமப் போனா என்ன பண்ணுவோம் என்று யோசிச்சு வெச்சால் போதும்.

அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது

ஓர் உதாரணப் பட்டறையை எடுத்துக்குவோம். கற்பனைதான். ஆறு சிஎன்சி மெஷின், 18 தொழிலாளர்கள், வாகன உதிரிபாகம் செய்கிற ஜாப் ஒர்க். மாசச் சம்பளம் 4 லட்சம், வங்கித் தவணை 2 லட்சம், வாடகையும் மற்றதும் சேர்த்து 1 லட்சம். ஆக, மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாசம் 7 லட்சம் வெளியே போகணும். ஒரு நாளைக்குச் சுமார் 23,000 ரூபாய். இருபது நாள் மூடியிருந்தால் 4,66,000 ரூபாய்க்கு மேல. அந்த இருபது நாளில் ஒரு பில்கூடப் போட்டிருக்க மாட்டீங்க.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். நமக்கு வாடிக்கையாளர் பணம் 45 நாளோ 60 நாளோ கழிச்சுத்தான் வருது. டிசம்பரில் மூடினாலும் அக்டோபரில் போட்ட பில்லுக்கான பணம் டிசம்பரில் வந்துகிட்டு இருக்கும். சமாளிச்சுட்டோம் என்று தோணும். டிசம்பரில் போடாத பில் பிப்ரவரியில்தான் கடிக்கும். அதுக்குள்ள நிவாரணப் பேச்சு முடிஞ்சிருக்கும், கையில் இருந்ததையும் மெஷின் ரிப்பேருக்குப் போட்டிருப்பீங்க. அடி ஒரு மாசம் விழுது, வலி வேற மாசம் தெரியுது. பல சிறு கம்பெனிகள் வெள்ளத்தில் சாய்வதில்லை, வெள்ளம் வடிஞ்ச ரெண்டாவது, மூணாவது மாசத்தில்தான் சாயுது.

இது பணத்தின் எண். இன்னொன்று வாடிக்கையாளரின் எண். அதே பட்டறை மூணு பார்ட் செய்து கொடுக்குதுன்னு வெச்சுக்குவோம். முதல் பார்ட்டில் வாடிக்கையாளரிடம் ஒரு வாரத்துக்குத்தான் சரக்கு கையிருப்பு. ஏழாம் நாள் அவர் லைன் நின்னுடும். அதனால் ஆறாம் நாளே வேற ஒருத்தரைத் தேடிடுவார். தேடிப் போனவர் திரும்பி வருவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ரெண்டாவது பார்ட்டுக்கு ஒரு மாசக் கையிருப்பு இருக்கு. மூணாவது பார்ட் எப்பவாவது வர்ற ஆர்டர். அப்போ இந்தப் பட்டறையின் உண்மையான எண் ஏழு. ஆறு மெஷினும் ஏழு நாளில் ஓடணும் என்று அவசியம் இல்லை. முதல் பார்ட்டை ஓட்டுற ஒரு மெஷின் ஓடினால் போதும்.

இப்போ செலவு எவ்வளவு சுருங்கிடுச்சு பாருங்க! ஆறு மெஷினையும் உயர்த்த வேண்டாம். அந்த ஒரு மெஷினின் எலக்ட்ரிக்கல் பேனலை, பழைய வெள்ளத்தின் தண்ணிக் கோட்டுக்கு மேல ஏற்றணும். அதன் ஜிக், பிக்ஸ்சர், டிராயிங் மூணையும் மாடியிலோ உயரமான ரேக்கிலோ வைக்கணும். அந்த மெஷினின் ப்ரோகிராமை மட்டும் இல்லை, பாராமீட்டரையும் காப்பி எடுத்து வெளியே வைக்கணும். ப்ரோகிராமைத் திரும்ப எழுதிடலாம். பாராமீட்டர் போச்சுன்னா மெஷின் கம்பெனி ஆள் வர்ற வரைக்கும் காத்திருக்கணும், அந்த நேரத்தில் ஊரே அவரைத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருக்கும்.

வாடிக்கையாளரிடம் எத்தனை நாள் சரக்கு இருக்கு என்று எப்படித் தெரியும்? கேளுங்க. போன் போட்டு, "சார், எங்ககிட்ட இருந்து பத்து நாள் சரக்கு வரலைன்னா உங்களுக்கு என்ன ஆகும்?" என்று கேளுங்க. கேட்டால் நம்மைச் சந்தேகப்படுவாரோ என்று தயக்கம் வரும். இந்தக் கேள்வியைக் கேட்கிற சப்ளையரைத்தான் அவர் நம்புவார்.

ஆள்

ஐந்தில் முதலாவது ஆள். இதில் எந்தத் திட்டத்துக்கும் முதல் வரி ஒண்ணுதான்: மெஷினைக் காப்பாத்த யாரும் தண்ணிக்குள் இறங்கக் கூடாது. ராத்திரி பதினோரு மணிக்கு ஓனர் போன் பண்ணி, "கொஞ்சம் அந்த மோட்டாரைத் தூக்கி மேல வெச்சுடுப்பா" என்பார். தொழிலாளி மறுக்க மாட்டார். தண்ணிக்குள் கரண்ட் இருக்கா இல்லையா என்று ரெண்டு பேருக்கும் தெரியாது. எந்த அளவுக்குத் தண்ணி வந்தால் மெயின் சுவிட்சை அணைக்கணும், யார் அணைக்கணும், அதுக்கப்புறம் யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்பதை முன்கூட்டியே எழுதி, மெயின் போர்டு பக்கத்திலேயே ஒட்டுங்க.

வெளி மாநிலத் தொழிலாளர்கள் பல இடங்களில் கம்பெனிக்குப் பின்னாலேயே தரைத்தள அறையில் தங்கியிருக்காங்க. மழை எச்சரிக்கை வந்தால் முதலில் மாற வேண்டியது அவங்க. எந்த மாடி, எந்த மண்டபம், சாப்பாடு யார் பொறுப்பு என்பது இப்பவே முடிவாகணும். அவங்களுக்குப் புரியுற மொழியில் ஒருத்தர் அதைச் சொல்லியிருக்கணும்.

அடுத்தது ஓனர். சிறு நிறுவனங்களில் பெரிய ஆபத்து வெள்ளம் இல்லீங்க, ஓனரின் தலைக்குள்ளேயே எல்லாம் இருக்கிறதுதான். எந்த டூலை யார்கிட்ட வாங்குறோம், எந்தப் பார்ட்டுக்கு என்ன விலை, யார் எவ்வளவு பாக்கி, எல்லாமே அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தால், வானம் பளிச்சென்று இருக்கும்போதே பட்டறை நின்னுடும். வங்கிக் கணக்கு ஒருத்தர் கையெழுத்தில்தான் ஓடுதுன்னா, நம்பகமான இன்னொருத்தருக்குக் கணக்கை இயக்குற அதிகாரம் கொடுக்க வங்கியில் வழி இருக்கு. தனி உரிமையாளர் கணக்குக்கும் வாரிசு நியமனம் செய்யலாம். பல பேர் வீட்டுக் கணக்குக்குச் செஞ்சிருப்பாங்க, தொழில் கணக்குக்குச் செஞ்சிருக்க மாட்டாங்க.

இடமும் கரண்டும்

இடத்துக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கம்பெனிக்குள் எது எந்த உயரத்தில் இருக்கு என்று ஒரு தடவை டேப் வெச்சு அளந்து பாருங்க. விலை அதிகமானதும் கிடைக்க நாளாகுறதும் மேலே இருக்கணும். ஆனால் பல இடங்களில் காலி அட்டைப்பெட்டி மாடியில் இருக்கும், சர்வோ டிரைவ் தரையிலிருந்து ஒரு அடியில் இருக்கும். ஜெனரேட்டர் இன்னும் மோசம். சத்தம் வருதுன்னு காம்பவுண்டின் மூலையில், பள்ளத்தில் வெச்சிருப்போம். தண்ணி வந்தால் முதலில் மூழ்குறது அதுதான்.

தண்ணி வடிஞ்ச பிறகு வர்ற அவசரம் தனி ஆபத்து. ஓடுதான்னு பார்ப்போம் என்று சுவிட்சைப் போட்டுப் பார்க்கிற ஆசையில் மோட்டாரும் டிரைவும் கருகிப் போகும். நனைஞ்ச மோட்டாரைக் கழற்றி, நல்ல தண்ணியில் சேற்றைக் கழுவி, முழுக்க உலர வெச்சு, மெக்கர் வெச்சு இன்சுலேஷன் பார்த்த பிறகுதான் கரண்ட் கொடுக்கணும். மெஷினின் பளபளப்பான பாகங்களுக்குத் துரு பிடிக்காத எண்ணெய் அன்றைக்கே தடவணும். இதையெல்லாம் செய்றதுக்கு முன்னாடி போட்டோ எடுக்கணும். ஏன் என்று பிறகு சொல்றேன்.

கரண்ட் விஷயத்தில் கேட்க வேண்டியது, 'ஜெனரேட்டர் இருக்கா?' என்பதில்லை. எந்த வேலைக்குக் கரண்ட் வேணும் என்பதுதான். எல்லா மெஷினுக்கும் டீசல் ஊத்தினால் லாபமே போயிடும். நம்ம உதாரணப் பட்டறைக்கு அந்த ஒரு மெஷின், ஒரு கம்ப்ரஸர், நாலு விளக்கு, ஒரு கம்ப்யூட்டர். அதுக்கு வாடகை ஜெனரேட்டர் போதும். ஆனால் யார்கிட்ட வாடகைக்கு எடுப்பது என்பதை இப்பவே பேசி வெச்சிருக்கணும். புயல் அடிச்ச மறுநாள் கல்யாண மண்டபமும் ஆஸ்பத்திரியும் அதே ஆளைத்தான் கூப்பிடும். மின்தடைப் புகாருக்கு மின்னகம் எண் 94987 94987. உங்க மின் இணைப்பு எண்ணையும் அது பக்கத்திலேயே எழுதி வெச்சுக்குங்க.

கணக்கு

டேலியில் போட்டு வெச்சிருக்கோம், பேக்கப் இருக்கு என்பாங்க. எங்கே இருக்கு? அதே டேபிளின் இழுப்பறையில் ஒரு பென்டிரைவில். தண்ணி வந்தால் கம்ப்யூட்டரும் நனையும், இழுப்பறையும் நனையும். பென்டிரைவை எப்பவும் கம்ப்யூட்டரில் சொருகியே வெச்சிருந்தால், வைரஸ் வந்து பூட்டும்போது அதையும் சேர்த்துப் பூட்டிடும். கணக்கு மூணு இடத்தில் இருக்கணும். கம்ப்யூட்டரில் ஒண்ணு, கழற்றி வைக்கிற டிஸ்க்கில் ஒண்ணு, கட்டடத்துக்கு வெளியே ஒண்ணு. வெளியே என்றால் வீடாக இருக்கலாம், இணையச் சேமிப்பாக இருக்கலாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்தப் பேக்கப்பை வேற கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பாருங்க. திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

பணத்தைத் திருடுற ஏமாற்று இன்னொரு வகை. வழக்கமான சப்ளையர் பெயரில், 'எங்க வங்கிக் கணக்கு மாறிடுச்சு, இனிமேல் இதில் போடுங்க' என்று மெயில் வரும். கணக்கு எண் மாறினால், ஏற்கெனவே நம்மிடம் இருக்கிற போன் நம்பரில் கூப்பிட்டு, பேசி, அப்புறம்தான் பணம் அனுப்பணும் என்று அக்கவுண்டன்ட்டுக்கு ஒரு விதி எழுதிக் கொடுங்க. பணம் போயிடுச்சுன்னு தெரிஞ்ச நிமிஷமே 1930-க்குக் கூப்பிடணும். எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ, அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்துற வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

ஆவணங்களில் பலதை அரசு இணையச் சேவைகளிலிருந்து திரும்ப எடுத்துடலாம். உத்யம் சான்றிதழ், ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழ், பட்டா நகல், வில்லங்கச் சான்று எல்லாம் அந்தந்த இணையதளத்தில் கிடைக்கும். ஆனால் ஓடிபி யார் போனுக்கு வருது? பல கம்பெனிகளில் ஜிஎஸ்டி கணக்கில் பதிவான நம்பர் முன்னாடி இருந்த அக்கவுண்டன்ட்டுடையது. அவர் வேலையை விட்டுப் போயிருப்பார், நம்பரும் மாறியிருக்கும். இன்னைக்குப் போனதும் ஒவ்வொரு இணையதளத்திலும் உங்க நம்பர்தான் இருக்கா என்று பாருங்க.

எந்த இணையதளத்திலும் கிடைக்காததும் இருக்கு. மெஷின் வாங்கின பில், வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் ஆர்டர், கையெழுத்து வாங்கின டெலிவரி சலான், சம்பளப் பதிவேடு, இன்சூரன்ஸ் பாலிசி. இதையெல்லாம் போட்டோ எடுத்து வெளியே ஓரிடத்தில் வைக்க ஒரு மதியம் போதும்.

சரக்கும் பக்கத்துப் பட்டறையும்

1997 பிப்ரவரி 1-ஆம் தேதி ஜப்பானில் ஐசின் என்ற உதிரிபாகக் கம்பெனியின் கரியா தொழிற்சாலையில் தீ பிடிச்சது. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கு வேண்டிய ஒரு சின்ன வால்வு, கிட்டத்தட்ட முழுக்க அந்த ஒரே இடத்திலிருந்துதான் போய்க்கிட்டு இருந்தது. டொயோட்டாவிடம் கையிருப்பு சில மணி நேரத்துக்குத்தான். ஒரு சின்ன பாகம் இல்லாமல், ஜப்பானில் அவங்க கார் உற்பத்தி வரிசைகள் நின்னுபோச்சு. அதுக்கப்புறம் நடந்ததுதான் நமக்குப் பாடம். பக்கத்தில் இருந்த பல கம்பெனிகள் வால்வின் டிராயிங்கை வாங்கி, தங்களிடம் இருந்த மெஷினிலேயே செஞ்சு கொடுத்தாங்க. தையல் மெஷின் செய்கிற பிரதர் கம்பெனிகூட இதில் இறங்கியது. சுமார் ஒரு வாரத்தில் உற்பத்தி திரும்ப ஓடத் தொடங்கியது.

அங்கே அது நடந்ததுக்குக் காரணம், ஒருத்தருக்கொருத்தர் ஏற்கெனவே பழக்கமும் நம்பிக்கையும் இருந்தது. நம்ம தொழிற்பேட்டையில் ஒரே மாதிரி மெஷின் வெச்சிருக்கிற பட்டறைகள் எத்தனை? ஆனால் நம்ம டிராயிங்கைப் பக்கத்துக்காரர் பார்த்தால் வாடிக்கையாளரைக் கூட்டிட்டுப் போயிடுவார் என்ற பயம் நமக்கு இருக்கு. நியாயமான பயம்தான். அதுக்கு வழி ஒரு பக்க ஒப்பந்தம்: உங்களுக்கு முடியாதபோது நான் செஞ்சு தர்றேன், சரக்கு உங்க பெயரிலேயே போகும், அந்த வாடிக்கையாளருக்கு நான் ஒரு வருஷத்துக்கு விலை கொடுக்க மாட்டேன். வாடிக்கையாளரிடமும் முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கிடுங்க. ஒரு விஷயம் கவனமாக இருங்க. உங்களோட இப்படிக் கைகோத்துக்கிற பட்டறை அதே தெருவில் இருந்தால் வெள்ளத்தில் ரெண்டு பேரும் சேர்ந்துதான் நனைவீங்க. ஒருத்தர் பக்கத்தில், ஒருத்தர் ஓசூரிலோ கோவையிலோ இருக்கட்டும்.

காப்பீடு

போட்டோ எடுக்கச் சொன்னேன் இல்லையா, அது சர்வேயருக்காக. சுத்தம் பண்ணின பிறகு சேதத்தைக் காட்ட முடியாது. தண்ணிக் கோடு சுவரில் தெரியுற மாதிரியும், மெஷின் நம்பர் பிளேட் தெரியுற மாதிரியும் எடுங்க. காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தகவல் கொடுங்க.

2021 ஏப்ரல் முதல் குறு, சிறு நிறுவனங்களுக்கென்று ரெண்டு பொதுவான பாலிசிகள் வந்திருக்கு. காப்பீடு செய்யும் சொத்தின் மதிப்பு 5 கோடி வரைக்கும் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா', 5 கோடிக்கு மேல் 50 கோடி வரைக்கும் 'பாரத் லகு உத்யம் சுரக்ஷா'. தீயோடு புயல், வெள்ளமும் இதில் அடக்கம். எந்தக் காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கினாலும் அடிப்படை விதிகள் ஒண்ணுதான்.

ஆனால் மூணு இடத்தில் நாம ஏமாந்துபோறோம். முதலாவது, பிரீமியம் குறையட்டும் என்று மதிப்பைக் குறைச்சுப் போடுறது. 40 லட்சம் மதிப்புள்ள சொத்தை 20 லட்சத்துக்குக் காப்பீடு செஞ்சு, 10 லட்சத்துக்குச் சேதமானால் 10 லட்சம் கிடைக்காது, அதில் பாதிதான் கணக்காகும். மதிப்பு 15 சதவீதம் வரைக்கும் குறைஞ்சிருந்தால் இந்தப் பாலிசிகளில் விட்டுக்கொடுப்பாங்க, அதுக்கு மேல இல்லை. இரண்டாவது, ஜாப் ஒர்க்குக்காக வந்திருக்கிற வாடிக்கையாளரின் சரக்கு. அது நம்ம சொத்து இல்லை. பாலிசியில் அது சேர்ந்திருக்கா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்க. மூன்றாவது, இந்தப் பாலிசி மெஷினுக்கும் சரக்குக்கும் கட்டடத்துக்கும்தான். மூடியிருந்த நாளின் சம்பளத்துக்கும் தவணைக்கும் பணம் வேணும் என்றால் லாப இழப்புக் காப்பீடு தனியாக எடுக்கணும். அதுக்கு வசதி இல்லை என்றால், உங்க எண் எத்தனை நாளோ அத்தனை நாள் செலவைத் தொடாத பணமாக ஒதுக்கி வைங்க.

வங்கித் தவணை பற்றியும் ஒரு வார்த்தை. பேரிடர் பாதித்த பகுதிகளில் கடன் தவணையை மாற்றியமைக்க ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல்கள் இருக்கு. ஆனால் அது தானாக நடக்காது. தவணை தவறுறதுக்கு முன்னாடியே மேனேஜரிடம் போய் எழுத்தில் கேட்கணும்.

ரெண்டு பக்கம், ஒரு சனிக்கிழமை

இதையெல்லாம் எழுதினால் எவ்வளவு வரும்? ரெண்டு பக்கம்தான். முதல் பக்கத்தில், முதல் நாள் யார் என்ன செய்யணும். மெயின் சுவிட்சு யார், தொழிலாளர் கணக்கெடுப்பு யார், வாடிக்கையாளருக்குப் போன் யார், போட்டோ யார். பதவியை எழுதாதீங்க, ஆள் பெயரை எழுதுங்க. ஒவ்வொருவருக்கும் மாற்று ஆள் ஒருத்தர். கீழே எண்கள்: மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மின்னகம், காப்பீடு, எலக்ட்ரீஷியன், ஜெனரேட்டர் வாடகைக்காரர். மழை எச்சரிக்கைக்கு அரசின் டிஎன்-அலர்ட் செயலியை சூப்பர்வைசர் போனிலும் போட்டு வைங்க. ரெண்டாவது பக்கத்தில், எந்த வேலை எத்தனை நாளுக்குள் திரும்பணும், அதுக்கு என்ன வேணும். இந்த ரெண்டு பக்கமும் அச்சடிச்ச காகிதமாகவே மூணு பேர் வீட்டில் இருக்கட்டும். போனில் மட்டும் வெச்சா, சார்ஜ் போனதும் திட்டமும் போயிடும்.

எழுதின பிறகு ஒரு சனிக்கிழமை ஒத்திகை பாருங்க. ஓனர் போனை அணைச்சுட்டு அரை நாள் கோயிலுக்கோ மாமனார் வீட்டுக்கோ போயிடணும். கம்பெனியில் இருக்கிறவங்க அந்தக் காகிதத்தை மட்டும் வெச்சுக்கிட்டு மூணு வேலை செய்யணும்: பேக்கப்பிலிருந்து ஒரு இன்வாய்ஸ் எடுக்கணும், ஜெனரேட்டர்காரரிடம் பேசணும், முதல் பார்ட்டின் டிராயிங்கையும் ப்ரோகிராமையும் வெளியிலிருந்து கொண்டுவரணும். எங்கே தடுக்குதோ அங்கே பேனாவால் ஒரு வட்டம் போடச் சொல்லுங்க. சாயந்திரம் வந்து வட்டங்களை எண்ணுங்க. முதல் தடவை நிறைய இருக்கும். திட்டு வேண்டாம், அந்த வட்டங்களைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஒத்திகை.

நம்ம பட்டறையில் 18 பேர் என்றால், 18 வீட்டில் அடுப்பு எரிவது இதை நம்பித்தான். அவங்க பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் பிப்ரவரியிலும் கட்டணும். அதனால் இதை ஓனரின் சொந்த விஷயமாக வைக்காதீங்க. சூப்பர்வைசரையும் ரெண்டு சீனியர் தொழிலாளிகளையும் உட்கார வெச்சு எழுதுங்க. எந்த மூலையில் தண்ணி முதலில் வரும் என்று உங்களைவிட அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் மூணாவது வாரம் தொடங்கிடும். அதுக்குள்ள முழுத் திட்டமும் முடியலைன்னாலும் பரவாயில்லை. இன்னைக்குக் கம்பெனிக்குப் போனதும் மூணே மூணு வரி எழுதுங்க: எந்த வேலை முதலில் திரும்பணும், எத்தனை நாளுக்குள், நான் இல்லாவிட்டால் யார் அதைப் பார்த்துக்குவாங்க. மூணாவது வரியில் எழுத உடனே ஒரு பெயர் வரலைன்னா, முதல் வேலையா அந்த ஆளைத் தயார் பண்ணத் தொடங்குங்க.

கேள்விகள் இருந்தால் கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.